பேரிங் கவரும் ஒத்த ஸ்டாரும்

என் மேஜை டிராயர்ல ஒரு காலி கவர் கிடக்குது. பிரவுன் கலர், ஒரு ஓரம் கிழிஞ்சது, முன்பக்கம் மேல ஒரு வட்டத்துக்குள்ள 'டி'ன்னு ஒத்தை எழுத்துல முத்திரை, பக்கத்துல யாரோ நீலப் பேனால கிறுக்கின ஒரு எண். உள்ள இருந்த சாமானை எடுத்து எட்டு மாசம் ஆச்சு, அது அம்மாவோட தையல் மெஷின்ல உட்கார்ந்து நல்லா ஓடிட்டும் இருக்கு, ஆனா கவரைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரல. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணுல படும், பட்ட உடனே ஆன்லைன்ல வாங்கின சாமானுக்கு நான் எழுதின ரெண்டு ரிவ்யூ ஞாபகத்துக்கு வந்துடும்.

பணம் பெருசு இல்லைங்க. ரெண்டு தடவையும் தபாலுக்குன்னு நான் கூடுதலா கட்டினது ஒரு பார்சல் அனுப்பற செலவுகூட இருக்காது. இதுக்குப் போய் யாராவது எட்டு மாசம் யோசிப்பாங்களான்னு வீட்ல கேட்டுட்டாங்க. நான் யோசிக்கத்தான் செய்யறேன், ஏன்னா தபால் காசுல கை வச்ச ஒருத்தருக்கு அஞ்சு ஸ்டார் கொடுத்திருக்கேன், பார்த்துப் பார்த்து கட்டி அனுப்பின இன்னொருத்தங்களுக்கு ஒத்த ஸ்டார் கொடுத்திருக்கேன். ரெண்டும் என் கையால, என் பேர்ல, யார் வேணா படிக்கற இடத்துல.

லென்ஸ் வந்த கதை

முதல்ல நடந்தது ஒரு பழைய கேமரா லென்ஸ் விஷயத்துல. ரொம்ப நாளா தேடிட்டு இருந்த மாடல், கண்ணாடில பூஞ்சை இல்லாம, அபர்ச்சர் ஒழுங்கா திறந்து மூடற நிலைமைல கிடைக்கறது கஷ்டம், ஒருத்தர் போட்டிருந்தார், படங்கள் தெளிவா இருந்துச்சு, ரிவ்யூ எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு, உடனே வாங்கிட்டேன். டெலிவரிக்குன்னு தனியா காசு வாங்கினார், அது கொஞ்சம் ஜாஸ்தின்னு தோணுச்சு, ஆனா கண்ணாடி சாமான், பாதுகாப்பா அனுப்பணும்ல, சரின்னு விட்டேன். ஒரு வாரம் கழிச்சு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா பார்சல் இல்ல, கதவுல ஒரு சீட்டு மட்டும் சொருகியிருக்கு. தபால் கட்டணம் குறைவா கட்டி அனுப்பப்பட்டிருக்கு, மீதியைக் கட்டி வாங்கிக்கோங்கன்னு.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுட்டுப் போனேன். வரிசைல நின்னு, சீட்டைக் காட்டி, குறைஞ்ச தொகையும் அதுக்கு மேல ஒரு கையாளும் கட்டணமும் கட்டி வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி லேபிளைப் பார்த்தா எடை 250 கிராம்னு அச்சடிச்சிருக்கு. பெட்டியை அப்படியே சமையலறைத் தராசுல வச்சேன், 610 காட்டுச்சு. ஒரு லென்ஸைக் கையில தூக்கிப் பார்த்த யாரும் அதை கால் கிலோன்னு சொல்ல மாட்டாங்க, அதுவும் நாள் பூரா லென்ஸ் விக்கற ஆள். 610 கிராமுக்கு என்கிட்ட வாங்கி 250 கிராமுக்குக் கட்டியிருக்கார், மீதி அவர் பைல. போய்ச் சேர்ந்தா லாபம், பிடிபட்டா வாங்கினவன் கட்டுவான்.

அன்னைக்கே ரெண்டு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதினேன். திட்டல, லேபிள்ல இருந்த எடை, தராசு காட்டின எடை, நான் கட்டின ட்யூ (குறைஞ்சிருந்த தபால் கட்டணம்), இது மூணை மட்டும் எழுதினேன். லென்ஸ் நல்லா இருக்குன்னும் எழுதினேன், அது உண்மைதான். அடுத்த நாள் காலைல மெசேஜ். மன்னிச்சுக்கோங்க சார், ஊழியர் தப்பு, ட்யூ பணத்தை முழுசா அனுப்பிடறேன், அதுக்கு மேலயும் கொஞ்சம் சேர்த்து அனுப்பறேன், நீங்க மட்டும் ரிவ்யூவை அஞ்சு ஸ்டாரா மாத்திடுங்க, மாத்தின உடனே பணம் வந்துடும். இந்த வரிசையை கவனிங்க. மாத்தின பிறகுதான் பணம்.

மாத்திட்டேன். சண்டை வேண்டாம், பணம் திரும்பி வருது, பொருளும் நல்லா இருக்கு, இதுக்கு மேல என்னன்னு அப்ப தோணுச்சு. 'நல்ல பொருள், நம்பகமான செல்லர்'னு எழுதினேன். சொன்ன மாதிரியே பணம் வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு வேற ஒரு லென்ஸ் தேடும்போது அதே ஆளோட பக்கம் வந்துச்சு, கீழ போய்ப் படிச்சா ஒருத்தர் எழுதியிருக்கார்: பார்சலுக்கு ட்யூ கட்ட வேண்டியதாப் போச்சு, இங்க இருந்த ரிவ்யூவை எல்லாம் நம்பித்தான் வாங்கினேன். அதுக்கு நாலஞ்சு வரிக்குக் கீழ என் பேரு, அஞ்சு ஸ்டார், நம்பகமான செல்லர். அந்த ஆள் நம்பின ரிவ்யூல என்னோடதும் ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல, இதை மிகைப்படுத்திச் சொல்லல.

கடைசில நிக்கறவன் கட்டணும்

குறைச்சு ஒட்டினது அனுப்பினவர், ஆனா கட்டறது வாங்கறவர், இது என்ன நியாயம்னு அப்பல்லாம் கோவமா வரும். பழைய ஆளுங்க பேரிங் லெட்டர்னு சொல்வாங்கல்ல, ஸ்டாம்ப் ஒட்டாம வர்ற கடிதம், வாங்கறவங்க ரெண்டு மடங்கு கட்டணும், அதோட வாரிசுதான் இது. தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, ஒரு காலத்துல எல்லா லெட்டருமே கிட்டத்தட்ட பேரிங்தான். பிரிட்டன்ல 1840க்கு முன்னாடி பெரும்பாலும் வாங்கறவர்தான் காசு கொடுப்பாராம், எவ்ளோ தூரம், எத்தனை தாள்னு பார்த்துக் கணக்கு. கவருக்குள்ள போட்டு அனுப்பினா கவரையும் ஒரு தாளா எண்ணி ரெண்டு மடங்கு வாங்கிடுவாங்க, அதனால ஜனங்க கடிதத்தையே மடிச்சு வெளிப்பக்கம் அட்ரஸ் எழுதி அரக்கு வச்சு அனுப்பினாங்க. பாதுகாப்புக்காகச் சுத்தற தாளுக்கும் காசு. இது எனக்கு அப்புறம் வேற விதத்துல உறைச்சுது, அதைப் பின்னாடி சொல்றேன்.

வெளிப்பக்கம் ரகசியக் குறி போட்டு அனுப்பறதும் இருந்துச்சாம், வாங்கறவர் குறியைப் பார்த்து எல்லாரும் சௌக்கியம்னு தெரிஞ்சுக்கிட்டு, காசு இல்லைன்னு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துடுவார். தபால் இலாகா சும்மா சுமந்துட்டுப் போய் சும்மா சுமந்துட்டு வரும். ரோலண்ட் ஹில்னு ஒரு ஆங்கிலேயர் 1837ல அச்சடிச்ச சீர்திருத்த யோசனைல முக்கியமானதே இதுதான், அனுப்பறவர் முன்கூட்டியே கட்டட்டும், தூரம் எவ்ளோ இருந்தாலும் ஒரே ரேட். 1840 ஜனவரில அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னின்னு வந்துச்சு, மே மாசம் பென்னி பிளாக் ஸ்டாம்ப். முன்கூட்டி கட்டலன்னா வாங்கறவர்கிட்ட ரெண்டு பென்னி. அந்த ரெண்டு மடங்கு அனுப்பறவருக்கு ஒரு தண்டனையா வச்சது மாதிரி இருந்தாலும், கைல காசோட கதவுகிட்ட நிக்கறது வாங்கறவர்தானே. 1859ல பிரான்ஸ் இந்தக் குறைஞ்ச காசை வசூலிக்கறதுக்குன்னே தனி ஸ்டாம்ப் போட்டுச்சு. 1874ல பெர்ன் நகரத்துல 22 நாடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பிறகு சர்வதேச தபால் யூனியன்னு ஆன அமைப்புக்குள்ள, நாடு விட்டு நாடு போற தபால்ல காசு குறைஞ்சிருந்தா 'டி'ன்னு முத்திரை குத்தற பழக்கம் வந்துச்சு, டாக்ஸ்ங்கற ஃபிரெஞ்சு வார்த்தையோட முதல் எழுத்து. என் டிராயர்ல இருக்கற கவர்ல இருக்கறது அதுதான்.

தனியார் கூரியர்ல பெரும்பாலும் கதை வேற மாதிரி. பெல்ட்ல ஓடும்போதே பெட்டியை மெஷின் எடை போட்டு அளந்துடும், எடை கம்மியா இருந்தாலும் பெட்டி பெருசா இருந்தா நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பல நிறுவனங்கள் 5000ஆல வகுக்கறாங்க. 30க்கு 20க்கு 20 பெட்டின்னா 2.4 கிலோ, உள்ள பஞ்சு இருந்தாலும் சரி. ஆனா அந்த வித்தியாசத்தை அனுப்பினவரோட கணக்குல எழுதிடுவாங்க, வாங்கறவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்டாம்ப் ஒட்டி பெட்டில போட்ட தபாலுக்கு அனுப்பினவர்னு ஒரு கணக்கு கிடையாது, ஸ்டாம்ப்தான் கணக்கு, அது பத்தலன்னா தபால்காரருக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் கவர்ல பேர் இருக்கற நாமதான். இது புரிஞ்ச பிறகு தபால்காரர் மேல இருந்த கோவம் போயிடுச்சு. வாங்க மாட்டேன்னு மறுக்கலாம், மறுத்தா அது அனுப்பினவருக்கே திரும்பிப் போகும், ஆனா நமக்கு வேண்டிய பொருளும் சேர்ந்து போயிடும், அதுதான் சிக்கல்.

அம்மாவோட பாபின் கேஸ்

லென்ஸ் ரிவ்யூவைப் பார்த்து மனசு கசந்திருந்த அந்த சமயத்துலதான் ரெண்டாவது வந்துச்சு. அம்மாவோட மெஷின் பழைய மாடல், பாபின் கேஸ் (அடி நூல் சுத்தின உருளை உட்கார்ற கூடு) தேய்ஞ்சு போய் நூல் விட்டு விட்டு வாங்குது, புதுசா விக்கற கேஸ் எதுவும் சரியா உட்கார மாட்டேங்குது. வெளிநாட்ல ஒரு அம்மா பழைய தையல் மெஷின் பார்ட்ஸா விக்கறாங்க, மொத்தமே நாப்பதோ அம்பதோ ரிவ்யூதான், சின்ன இடம். மெஷினோட மாடல் நம்பரை அனுப்பிக் கேட்டேன், அவங்க தன்கிட்ட இருக்கற கேஸை அளந்து, நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினாங்க, இது உங்க மெஷினுக்கு உட்காரும்னு. வாங்கினேன்.

மூணு வாரம் கழிச்சு அதே மாதிரி ஒரு சீட்டு. பார்த்த உடனே உடம்பெல்லாம் சூடாயிடுச்சு. இன்னொருத்தர், இன்னொரு தடவை. போனேன், நின்னேன், கட்டினேன். கவரை வாங்கும்போதே 'டி' முத்திரை தெரிஞ்சுது. வீட்டுக்கு வர்ற வழிலயே, கவரைக்கூட பிரிக்கல, ஃபோன்ல டைப் பண்ணிட்டேன்: ஒத்த ஸ்டார், டெலிவரிக்குக் காசு வாங்கிட்டு குறைச்சு ஒட்டி மீதியை எடுத்துக்கறாங்க, தபால் பணத்துல திருடறவங்ககிட்ட வாங்காதீங்க. திருடறவங்கன்னே எழுதினேன். லென்ஸ்காரர்கிட்ட எழுதியிருக்க வேண்டியதை இவங்ககிட்ட எழுதறேன்னு அப்ப எனக்குத் தெரியல. இந்தத் தடவை மாத்தவே மாட்டேன், எவ்ளோ கொடுத்தாலும் மாட்டேன்னு ஒரு வைராக்கியம் வேற, அது எனக்கு நேர்மை மாதிரியே இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து பிரிச்சேன். அந்த கேஸை அவ்ளோ அழகா கட்டியிருந்தாங்க. முதல்ல எண்ணெய் தடவின மெல்லிசு தாள், அதுக்கு மேல பபுள் ராப் ரெண்டு சுத்து, அதுக்கு மேல அட்டையை வெட்டி மடிச்சு ஒரு குட்டி டப்பா மாதிரி, அது ஆடாம இருக்க இன்னொரு துண்டு பபுள் ராப். கூடவே கைப்பட எழுதின ஒரு துண்டுச்சீட்டு, டென்ஷன் ஸ்குரூவை எந்தப் பக்கம் எவ்ளோ திருப்பணும்னு படம் போட்டு. அம்மா அதை மெஷின்ல மாட்டி ஒரு பழைய துணில தையல் போட்டுப் பார்த்தாங்க, மேலயும் கீழயும் ஒரே சீரா விழுந்துச்சு. துண்டுச்சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, யாருடா இது, இவ்ளோ பொறுமையா எழுதியிருக்காங்கன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல.

அன்னைக்கு ராத்திரி அவங்க மெசேஜ் வந்துச்சு. நான் தயாரா இருந்தேன், மாத்துங்க பணம் தர்றேன்னு வரும், பதிலுக்கு என்ன எழுதணும்னு மனசுல ஒத்திகைகூட பார்த்தாச்சு. அப்படி வரல. ட்யூ எவ்ளோ கட்டினீங்கன்னு கேட்டிருந்தாங்க, அதைத் திருப்பி அனுப்பறேன், உங்களுக்கு அலைச்சல் ஆனதுக்கு மன்னிச்சுக்கோங்க, நான் தராசுல வச்சு எடை பார்த்துத்தான் ஒட்டினேன், எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியல, கவரோட படம் இருந்தா அனுப்ப முடியுமா, அடுத்தவங்களுக்கு இது நடக்கக் கூடாது. அவ்ளோதான். ரிவ்யூ பத்தி ஒரு வார்த்தை இல்ல. திருடறவங்கன்னு நான் எழுதினதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

கவரைத் தராசுல வச்சேன், எல்லாத்தையும் இருந்த மாதிரியே திரும்ப உள்ள வச்சு. எடை சரியா இருந்துச்சு. அவங்க ஒட்டின ஸ்டாம்ப், அவங்க நாட்டுத் தபால் இணையதளத்துல அந்த எடைக்குப் போட்டிருந்த ரேட்டோட பைசா சுத்தமா ஒத்துப் போச்சு. அப்ப எதுக்கு ட்யூன்னு அந்தப் பட்டியலையே திரும்பத் திரும்பப் படிச்சேன். கீழ சின்ன எழுத்துல இருந்துச்சு, அந்த ரேட் 20 மில்லிமீட்டர் தடிமன் வரைக்கும்தான், அதுக்கு மேல போனா அது கவர் இல்ல, பாக்கெட், ரேட் வேற. எடை பார்க்கணும்னு எல்லாருக்கும் தெரியும், தடிமனும் கணக்குன்னு பலருக்குத் தெரியறதில்ல, எனக்கும் தெரியாது. ஸ்கேலை எடுத்து நடுவுல வச்சு அளந்தேன். 26. அந்தக் கடைசித் துண்டு பபுள் ராப்பை எடுத்துட்டு அளந்தேன். 19.

கேஸ் ஆடக் கூடாது, முனை நசுங்கக் கூடாதுன்னு அவங்க கூடுதலா வச்ச அந்த ஒரு துண்டுதான் ட்யூவுக்குக் காரணம். பாதுகாப்புக்குச் சுத்தற தாளுக்கும் காசுன்னு படிச்சேன்ல, இருநூறு வருஷம் கழிச்சும் அது அப்படியேதான் இருக்கு. ஸ்கேலைக் கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். லென்ஸ்காரர் செஞ்சதும் இவங்க செஞ்சதும் என் கதவுல ஒரே மாதிரி சீட்டாத்தான் வந்துச்சு. அந்தச் சீட்டுல காசு எவ்ளோன்னு இருக்கும், ஏன்னு இருக்காது. ஏன்னு கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு தராசு, ஒரு ஸ்கேல், ஒரு கேள்வி, ஒரு நாள். இந்தத் தடவை எழுதறதுக்கு முன்னாடி அதுல எதையும் நான் செய்யல.

ஸ்டாருக்குப் பின்னாடி

இந்த ஸ்டார் முறையைப் பத்தி அதுக்கப்புறம் நிறைய படிச்சேன். ஈபேங்கற ஆன்லைன் விற்பனை சைட்ல 1996 பிப்ரவரில இதை ஆரம்பிச்சப்ப, வாங்கறவரும் விக்கறவரும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் எழுதறதா இருந்துச்சு. ரெஸ்னிக், ஜெக்ஹாசர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999ல அங்க நடந்த வியாபாரத்தை அலசிப் பார்த்தாங்க, வாங்கினவங்க எழுதினதுல 99.1 சதவீதம் நல்ல ரிவ்யூ, கெட்டது 0.6 சதவீதம்தான். நூறுல தொண்ணூத்தொம்பது பேர் திருப்தியா இருந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணல. நாம கெட்டது எழுதினா அவரும் நம்மைப் பத்தி எழுதிடுவாரோங்கற பயமும், போனா போகுதுங்கற எண்ணமும் அதுக்குள்ள இருக்கணும். அதனாலதான் 2008ல விக்கறவங்க வாங்கறவங்களுக்குக் கெட்ட ரிவ்யூ போடறதை ஈபே நிறுத்துச்சு, 2014ல, தங்கறதுக்கு வீடு வாடகைக்குக் கிடைக்கற ஏர்பிஎன்பி சைட் ரெண்டு பேரும் எழுதி முடிக்கற வரைக்கும், இல்லன்னா 14 நாள் வரைக்கும், எதையும் வெளிய காட்டாம வைக்க ஆரம்பிச்சுது. பழிவாங்கறதைத் தடுக்கறதுக்கு இதெல்லாம் உதவும். ஆனா காசு கொடுத்து மாத்தச் சொல்றதை எந்த டிசைனாலயும் முழுசா பிடிக்க முடியாது, ஏன்னா அதுக்கு ரெண்டு பக்கமும் சம்மதம் இருக்கு, நான் சம்மதிச்சேன்ல. அமெரிக்காவுல வியாபாரத்தைக் கண்காணிக்கற ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024ல போட்ட விதில, இப்படித்தான் எழுதணும்னு நிபந்தனை வச்சு ரிவ்யூவுக்குப் பணமோ சலுகையோ கொடுக்கறது தப்புன்னு தெளிவா இருக்கு. அதைப் படிச்சப்ப எனக்கு நிம்மதி வரல, நான் அதுல எந்தப் பக்கம் நின்னேன்னுதான் தெரிஞ்சுது.

இங்க நான் ரொம்ப நாளா கலந்து வச்சிருந்த ரெண்டு விஷயம் பிரிஞ்சுது. ட்யூ பணம் எனக்கும் செல்லருக்கும் நடுவுல உள்ள கணக்கு. அதைக் கேட்க மெசேஜ் இருக்கு, தரலைன்னா புகார் பண்ண இடம் இருக்கு. ரிவ்யூ எனக்கும் செல்லருக்கும் நடுவுல உள்ளதே இல்ல, அது எனக்கும் நாளைக்கு அதே பொருளைப் பார்த்துட்டு வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கற யாரோ ஒருத்தருக்கும் நடுவுல உள்ளது. ரீஃபண்ட் வந்ததால லேபிள்ல இருந்த 250 கிராம் 610 ஆகிடாது, அதனால லென்ஸ்காரர் பணம் கொடுத்ததும் நான் சேர்க்க வேண்டியது ஒரே வரிதான், கேட்டதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்னு. ரெண்டு ஸ்டார் ரெண்டு ஸ்டாராவே இருந்திருக்கணும். பாபின் கேஸ் வித்த அம்மாவுக்கு எழுத வேண்டியது அந்த ஒரு நாள் பொறுத்திருந்தா தானா தெரிஞ்சிருக்கும்.

இப்பல்லாம் ட்யூ சீட்டு வந்தா (அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை வந்துச்சு, அது தபால் ட்யூவே இல்ல, சுங்க வரி, ரெண்டும் ஒரே மாதிரி சீட்டுல வரும், சுங்கத்துக்கு செல்லரைத் திட்டறதுல பெரும்பாலும் அர்த்தம் இல்ல) பிரிக்கறதுக்கு முன்னாடி கவரை முன்னும் பின்னும் படம் எடுக்கறேன், ஸ்டாம்ப், லேபிள் எடை, முத்திரை எல்லாம் தெரியற மாதிரி. கட்டின ரசீதை வச்சுக்கறேன். எடை பார்க்கறேன், தடிமன் பார்க்கறேன். அப்புறம் செல்லருக்கு எழுதறேன், இவ்ளோ கட்டினேன், இது படம், என்ன ஆச்சுன்னு. அவங்க பதில் என்ன, எப்படி வருதுங்கறதும் அடுத்து வாங்கறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான், அதுக்காகவே ரெண்டு மூணு நாள் விடறேன். ரிவ்யூ எழுத பெரும்பாலான இடத்துல சில வாரமாவது டைம் கொடுக்கறாங்க, நடந்துக்கிட்டே டைப் பண்ண வேண்டிய அவசரம் எதுவும் கிடையாது.

அந்த அம்மாவுக்கு மறுநாள் காலைல எழுதினேன். கவர் படம், ஸ்கேல் வச்சு எடுத்த படம், 26, 19, கட்டின தொகை, எல்லாத்தையும் அனுப்பினேன். நான் எழுதின வார்த்தைக்கு மன்னிப்பு கேட்டேன், ட்யூ பணம் வேண்டாம்னும் எழுதினேன். அவங்க கேட்கல, அன்னைக்கே பணத்தை அனுப்பிட்டாங்க, திருப்பி அனுப்பாதீங்க, என் பொறுப்பு அதுன்னு சொல்லிட்டாங்க, 20 மில்லிமீட்டர் விஷயம் தனக்கும் தெரியாது, இனிமே அட்டைல ஒரு ஓட்டை வெட்டி கவரை அதுல நுழைச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்பப் போறேன்னு எழுதினாங்க. ரிவ்யூவை மாத்தணும்னா அந்த சைட்ல செல்லர்தான் கோரிக்கை அனுப்பணும், அவங்க அதைக் கேட்கவே தயங்கினாங்க, நான்தான் ரெண்டு தடவை சொல்லி அனுப்ப வச்சேன். இப்ப அங்க இருக்கறது இது: 'பொருள் சரியான அளவு, கட்டி அனுப்பின விதம் ரொம்ப நல்லா இருந்துச்சு, மாட்டற முறையைக் கைப்பட எழுதிக் கொடுத்தாங்க. கவர் தடிமன் கூடினதால ட்யூ கட்ட வேண்டி வந்துச்சு, சொன்ன அன்னைக்கே முழுசா திருப்பிக் கொடுத்தாங்க. முதல்ல நான் விசாரிக்காம தப்பா எழுதிட்டேன்.' ட்யூ விஷயத்தை எடுத்துடவான்னு யோசிச்சு, வேண்டாம்னு வச்சேன். அது நடந்தது. அஞ்சு ஸ்டார்.

ஆனா அந்த ஒத்த ஸ்டார் ஒரு ராத்திரி பூரா அங்க இருந்துச்சு. நாப்பது ரிவ்யூ உள்ள பக்கத்துல அது எவ்ளோ பெருசா தெரியும்னு நான் வாங்கறதுக்கு முன்னாடியே பார்த்தவன்தான். அந்த ராத்திரி யார் வந்து பார்த்துட்டுப் போனாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

லென்ஸ் ரிவ்யூவை மாத்த முடியல. கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு. அந்த சைட் உதவிப் பக்கத்துல நடந்ததை எழுதி, அவர் அனுப்பின மெசேஜோட ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டு, என் ரிவ்யூவை எடுத்துடுங்கன்னு கேட்டேன், உங்க கோரிக்கை பதிவாயிடுச்சுன்னு ஒரு தானியங்கி பதில் வந்ததோட சரி. மூணு மாசம் முன்னாடி அங்க இருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. அதே ஆள் போட்டிருக்கற ஒரு லென்ஸைப் பத்தி யாரோ கேள்வி கேட்டிருக்காங்க, ஏற்கனவே அவர்கிட்ட வாங்கினவங்களுக்கு அந்த சைட் அதை அனுப்பும். இவர்கிட்ட வாங்கினா பார்சல் ஒழுங்கா வந்து சேருமா, ரிவ்யூ எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒருத்தர் ட்யூ கட்டினதா எழுதியிருக்காரேன்னு கேள்வி.

பதில் எழுதினேன். லென்ஸ் நல்லா இருந்துச்சு, லேபிள்ல 250 கிராம் போட்டிருந்தார், தராசுல 610 வந்துச்சு, ட்யூ நான்தான் கட்டினேன், ரிவ்யூவை மாத்தின பிறகுதான் பணம் திரும்ப வந்துச்சு, கீழ என் பேர்ல இருக்கற அஞ்சு ஸ்டாரைக் கணக்குல எடுத்துக்காதீங்க.